தேடி வரும் புத்தகமும் தேடிப் போக வேண்டிய புத்தகமும்

கொங்கு மண்டலத்துக் காலனிகளில் பல கிறிஸ்தவ வீட்டுக் கைபேசிகளில் ஐந்தாறு கிறிஸ்தவப் புத்தகங்கள் பிடிஎஃப் வடிவில் கிடக்கின்றன. யாரும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. உபவாச ஜெபத்துக்குப் போய் வந்த இரவே வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தவை. கடன் தீர ஜெபம், சாபக்கட்டுகளை உடைப்பது எப்படி, ஆசீர்வாதத்தின் இரகசியம், கடைசிக்கால அடையாளங்கள் என்று தலைப்புகள் போகும். பல புத்தகங்கள் அமெரிக்கப் பிரசங்கியார்கள் எழுதியதன் தமிழாக்கம்.

இவற்றைப் படிப்பவர்களை நாங்கள் குறைத்துப் பேசப் போவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் பகல் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வரும் பெண்ணுக்கு, படுக்கும் முன் இரண்டு பக்கம் ஆறுதல் தேவைப்படுகிறது. அதைக் கேள்வி கேட்க நாம் யார்? எங்கள் கேள்வி வேறு. இந்தப் புத்தகங்களில் கடன் இருக்கிறது, வியாதி இருக்கிறது, பிசாசு இருக்கிறது, பில்லிசூனியம் இருக்கிறது. சாதி மட்டும் இல்லை. அந்தப் பெண் குடியிருக்கும் இடம் ஊருக்கு வெளியே ஏன் இருக்கிறது, தேநீர்க் கடைகளில் அவள் தாத்தாவுக்கு ஏன் தனிக் குவளை வைத்தார்கள், சபைக்குள் வந்து மூன்று தலைமுறை ஆன பிறகும் ஏன் சாதி பார்த்தே சம்பந்தம் பேசுகிறார்கள் என்பதற்கு அந்த நூறு பக்கங்களில் ஒரு வரி பதில் கிடையாது.

கிறிஸ்தவத்தில் சாதியைப் பற்றிய புத்தகங்களே இல்லையா? முந்நூறு ஆண்டுகளாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி இன்று இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது. ஆனால் அவை தாமாக நம் கைபேசிக்கு வருவதில்லை. தேடி வரும் புத்தகத்துக்கும் நாம் தேடிப் போக வேண்டிய புத்தகத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது, தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்று படிப்பு சம்பந்தப்பட்ட காரியம் மட்டுமல்ல, உரிமை சம்பந்தப்பட்ட காரியமும்கூட. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

இலவசம் யார் கொடுத்தது?

இலவசமாகக் கிடைக்கும் புத்தகங்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, காப்புரிமைக் காலம் முடிந்தவை. 1957ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரை உரிமை அவர் வாரிசுகளுக்கு உண்டு. அதன் பிறகு அது எல்லோருக்கும் சொந்தம். பழைய மிஷனரிப் புத்தகங்கள் முழுக்க இந்தக் கணக்கில் வந்துவிடும். அம்பேத்கர் 1956இல் மறைந்தார் என்பதால் அவர் எழுத்தும் 2017இலிருந்து பொதுச்சொத்து.

இரண்டாவது, எழுதியவரோ வெளியிட்டவரோ மனமுவந்து பொதுவில் வைத்தவை. அரசு ஆணையங்களின் அறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், திருச்சபை ஆவணங்கள், படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வரும் மின்னூல்கள் எல்லாம் இதில் சேரும்.

மூன்றாவது, ஊழிய நிறுவனங்கள் பரப்புவதற்கென்றே இலவசமாக அச்சிடுபவை. இவற்றுக்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். பணம் கொடுத்தவருக்கு எது பிடிக்குமோ அதுதான் புத்தகத்தில் இருக்கும். இதில் சதி எதுவும் இல்லை, கணக்குத்தான். டெக்சாஸில் உட்கார்ந்து எழுதியவருக்கு அவிநாசித் தாலுகாவின் சாதி தெரிய நியாயமில்லை. தமிழில் பெயர்த்தவருக்குத் தெரியும், அவர் பேச மாட்டார்.

நான்காவது, திருடப்பட்டவை. உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தை ஸ்கேன் செய்து பகிர்வது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் இருக்கும் சாதியை உள்ளிருந்து சொன்ன முதன்மையான புத்தகம் அது. அதை நீங்கள் படித்தே ஆக வேண்டும், ஆனால் காசு கொடுத்து வாங்கிப் படியுங்கள், அல்லது நூலகத்தில் எடுங்கள். நம்மைப் பற்றி எழுதுகிறவர்களும் அவர்களை வெளியிடும் சிறு பதிப்பகங்களும் பிழைத்திருந்தால்தான் அடுத்த புத்தகம் வரும்.

ஓர் எச்சரிக்கை. இலவசப் புத்தகம் தருகிறோம் என்று பெயர், ஊர், கைபேசி எண், எந்தச் சபை என்றெல்லாம் கேட்கும் செயலிகளும் படிவங்களும் உண்டு. கொடுக்காதீர்கள். எஸ்.சி. சாதிச் சான்றிதழில் 'இந்து' என்று இருக்க, வீட்டில் வேதாகமம் வாசிக்கும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்று நமக்குத் தெரியும். 2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையில் இருந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று கோருவதை ஏற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த நிலையில் நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்ற பட்டியல் யார் கையில் இருக்கிறது என்பது அற்ப விஷயமல்ல.

வேதாகமத்திலேயே தொடங்கலாம்

முதலில் தேர்ந்தெடுக்க வேண்டிய இலவசப் புத்தகம் வேதாகமம்தான். அதிலேயே தேர்வு இருக்கிறது.

சீர்திருத்த சபைகளில் நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871இல் முடித்த திருப்புதலின் வழியில் வந்தது. உலகத்தின் எல்லா மக்களினங்களையும் குறிக்கும் இடங்களில் அது 'ஜாதிகள்' என்ற சொல்லை வைத்திருக்கிறது. யூதர் அல்லாதவர்கள் 'புறஜாதியார்'. அன்றைய தமிழில் ஜாதி என்ற சொல்லுக்கு இனம், வகை என்ற பொருளும் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் இன்றைக்கு அன்னூர்ப் பக்கத்துக் காலனியில் ஞாயிறு பள்ளிக்கு வரும் பத்து வயதுக் குழந்தை அந்தச் சொல்லை வாசிக்கும்போது அதன் மனதில் என்ன ஓடும்? பள்ளிக்கூடத்தில் தன்னைப் பார்த்துக் கேட்கப்படும் அதே கேள்விதானே?

கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியம் அதே இடங்களில் மக்களினம், பிற இனத்தார் என்று சொல்கிறது. இரண்டுமே இணையத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. பழைய மொழிபெயர்ப்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நம் பாட்டிகள் மனப்பாடமாகச் சொன்ன வசனங்கள் அதில்தான் இருக்கின்றன. ஆனால் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து, இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது என்று பேசுங்கள். மொழிபெயர்ப்பு என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு என்பதைப் பத்து வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

எந்தப் பதிப்பு?

அடுத்த பாடத்தைக் கால்டுவெல் சொல்லித் தருகிறார். இடையன்குடியில் ஊழியம் செய்த ஆயர் இராபர்ட் கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். 1875இல் அவரே விரிவாக்கி இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தார். அதன் பின்னிணைப்பில் பறையர்கள் திராவிடர்களா என்று ஒரு தனிப் பகுதியை எழுதி, திராவிடர்களே என்று வாதிட்டார். அவர் 1891இல் இறந்தார். 1913இல் வேறு இருவர் திருத்தி வெளியிட்ட மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதி இல்லை. அதன்பின் பல பத்தாண்டுகள் கல்லூரிகளில் புழங்கியது அந்த வெட்டப்பட்ட பதிப்புதான். 2008இல் கவிதாசரண் 1875ஆம் ஆண்டுப் பதிப்பை மறுபடி அச்சிட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் இது பரவலாகப் பேசப்பட்டது.

இன்று இரண்டு பதிப்புகளும் இணைய ஆவணக் காப்பகத்தில் ஸ்கேன் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. கால்டுவெல் என்று தட்டி முதலில் வருவதை இறக்கிக்கொண்டால், நம்மைப் பற்றிய பகுதி இல்லாத புத்தகமே கைக்கு வரலாம். ஆகவே தலைப்பைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஆண்டைப் பாருங்கள், எத்தனையாவது பதிப்பு என்று பாருங்கள், பின்னிணைப்பு இருக்கிறதா என்று கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பாருங்கள். நம் மக்களின் வரலாறு பெரும்பாலும் பின்னிணைப்பில்தான் இருக்கும். வெட்டுகிறவர்களும் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

அதே கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். அதில் அந்த மக்களைப் பற்றி எழுதிய இழிவான வார்த்தைகளுக்கு எதிராக அந்தச் சமூகத்துக் கிறிஸ்தவர்களே கொதித்தெழுந்தார்கள். மிஷனரியின் புத்தகத்தைப் படித்துவிட்டு, நீ எழுதியது தப்பு என்று மிஷனரியிடமே சொன்ன வாசகர்கள் அவர்கள். நமக்கு வேண்டிய வாசகத் துணிச்சல் அதுதான்.

புத்தகம் திறந்த கதவு, சபை மூடிய கதவு

தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1715இல் அது முழுமையாக வந்தது. அந்த அச்சுப் புத்தகத்தில் ஒரு பகுதி, தஞ்சைப் படையில் வேலை பார்த்த இராஜநாயக்கன் என்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பறையர் சமூகத்தைச் சேர்ந்த அவர் அதைப் படித்தார். படித்துவிட்டுத் தாமாகவே தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தார். பல பத்தாண்டுகள் உபதேசியாராக உழைத்தார். 1733இல் வேளாளரான ஆரோன் குருவாக அபிஷேகம் பெற்றார். பிறகு இராஜநாயக்கனின் பெயர் பேசப்பட்டபோது, பறையர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பின்வாங்கினார்கள். 1771இல் அவர் உபதேசியாராகவே இறந்தார்.

தமிழ்நாட்டில் ஒரு தலித், கைக்குக் கிடைத்த கிறிஸ்தவப் புத்தகத்தைப் படித்துத் தன் வழியைத் தானே தேர்ந்தெடுத்த கதை இது. இதை மிஷனரிகள் ஜெர்மன் மொழியில் ஹாலே நகரத்துக்கு அனுப்பிய அறிக்கைகளில் எழுதி வைத்தார்கள். அந்த அறிக்கைகளை ஹாலேயில் உள்ள பிராங்கே நிறுவனம் எண்மமாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறது. இலவசம்தான், ஆனால் ஜெர்மன் மொழியில். இராஜநாயக்கனின் பேரப்பிள்ளைகள் படிக்க முடியாத இடத்தில் இராஜநாயக்கன் இருக்கிறார்.

கோவைக்கு வருவோம். அவிநாசி சாலையில் கருமத்தம்பட்டியைக் கடந்து போகாதவர்கள் நம்மில் யார்? 1846இல் அங்கேதான் மரியோன் பிரெசியாக் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டு, கோவை மறைத்தளத்தின் பொறுப்பை ஏற்றார். சாதி வழக்கங்களைத் திருச்சபை எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி அவர் மனசாட்சியைப் பிடித்து ஆட்டியது. நோயுற்ற பறையரின் குடிசைக்குள் குருக்கள் போக மறுக்கக் கூடாது என்று 1704இலேயே ரோமின் தூதர் ஆணை போட்டிருந்தார். 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பரும் அதை வலியுறுத்தினார். நூறு ஆண்டு கழித்தும் நிலைமை மாறாத ஊர்களைத்தான் பிரெசியாக் பார்த்தார். 1850களின் நடுவில் அவர் பதவி விலகியதற்கான காரணங்களில் இந்தச் சச்சரவும் ஒன்று. பிறகு 1856இல் ஆப்பிரிக்காவுக்கென ஒரு மறைபரப்புச் சபையைத் தொடங்கி, 1859இல் சியரா லியோனில் இறந்தார். இந்தியாவில் கழித்த ஆண்டுகளைப் பற்றி அவர் நினைவுக் குறிப்புகள் எழுதியிருக்கிறார். கோவையின் சாதி ஓர் ஆயரின் மனசாட்சியையே உலுக்கிய இந்தக் கதை, நம் பங்குகளின் ஞாயிறு மறைக்கல்வியில் சொல்லப்படுகிறதா?

சீர்திருத்த சபைப் பக்கமும் இதே கதைதான். சாதியைச் சபைக்குள் விடக்கூடாது என்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கலகம் செய்தார்கள். கோவையில் இலண்டன் மிஷன் 1830இல் கால் பதித்தது. அந்த மிஷனின் மாத இதழ்களும் ஆண்டறிக்கைகளும் ஸ்கேன் வடிவில் கிடைக்கின்றன. அதே மிஷனைச் சேர்ந்த காட்ஃபிரே பிலிப்ஸ், தீண்டப்படாதோரிடையே நடந்த ஊழியத்தைப் பற்றி 1912இல் எழுதிய புத்தகம் கிடைக்கிறது. ஏமி கார்மைக்கேல் 1903இல் எழுதிய தென்னிந்திய ஊழியக் குறிப்புகள் குட்டன்பர்க் தளத்தில் இருக்கின்றன. ஊழிய வெற்றிக் கதைகளையே கேட்டுப் பழகிய இங்கிலாந்து வாசகர்களுக்கு, நிலைமை அப்படி இல்லை என்று உள்ளதைச் சொன்ன புத்தகம் அது.

இவற்றைப் பக்தியோடு படிக்கச் சொல்லவில்லை. இவர்கள் எழுதியது தங்கள் நாட்டுக் கொடையாளிகளுக்காக. நம் தாத்தாக்கள் அங்கே பரிதாபத்துக்குரிய உருவங்களாகத்தான் பெரும்பாலும் வருவார்கள். பெயர் இருக்காது. ஆனால் கூலி எவ்வளவு, கிணற்றில் யார் தடுத்தார்கள், ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் பண்ணையார் என்ன செய்தார் என்பது போன்ற தகவல்கள் வரிகளுக்கு நடுவே சிந்திக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எடுப்பதுதான் நம் வேலை.

எப்படித் தேடுவது?

இணைய ஆவணக் காப்பகம், குட்டன்பர்க், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் ஆகிய நான்கும் முதல் படி. வீரமாமுனிவரின் தேம்பாவணி போன்ற இலக்கியங்களுக்கு மதுரைத் திட்டம் போதும். மேற்கத்திய இறையியல் செவ்வியல் நூல்களுக்குத் தனித் தளங்கள் உண்டு. அகுஸ்தீன், லூத்தர், வெஸ்லி எல்லோரும் அங்கே கிடைப்பார்கள். வெஸ்லியை இறக்குவதாக இருந்தால் அடிமை முறையைக் கண்டித்து அவர் 1774இல் எழுதிய சிறு நூலையும் சேர்த்து இறக்குங்கள். கூடவே, அடிமையாய்ப் பிறந்து தப்பித்த பிரெடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அடிமைகளை வைத்திருப்பவர்களின் கிறிஸ்தவம் வேறு, கிறிஸ்துவின் கிறிஸ்தவம் வேறு என்று அதன் பின்னிணைப்பில் அவர் பிரித்துக் காட்டுகிறார். நம் வளவுகளில் சத்தமாக வாசிக்க வேண்டிய பக்கங்கள் அவை.

நம் வரலாற்றைத் தேடும்போது மட்டும் ஒரு கசப்பை விழுங்க வேண்டும். தலித், ஆதிதிராவிடர், அருந்ததியர் என்று தட்டினால் பழைய புத்தகம் ஒன்றும் வராது. அந்தக் காலத்து ஆங்கிலப் புத்தகங்களில் நம்மை எந்த இழிபெயரால் எழுதினார்களோ அதைத் தட்டினால்தான் நம் பாட்டன் கிடைப்பான். சக்கிலியர் என்பதையே அவர்கள் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர்களும் அப்படியே. பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். 1887இல் வந்த நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டால் அன்றைய ஊர்ப் பெயர்களை எப்படி எழுதினார்கள் என்று பிடிபடும். அதுவும் இலவசம்.

மிஷன் வரலாறு ஒன்றை அச்செடுத்துக்கொண்டு போனபோது ஒரு பெரியம்மா எங்களிடம் கேட்டார்: "ஏனுங்க தம்பி, அதுல நம்ம வளவப் பத்தி ஏதாச்சும் எழுதியிருக்குதுங்களா?" இதைவிடச் சிறந்த தேர்வு விதி எங்களுக்குத் தெரியாது. எந்தக் கிறிஸ்தவப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் கேளுங்கள்: இதில் நம் வளவு இருக்கிறதா? இருந்தால் என்னவாக இருக்கிறது? இல்லையென்றால் ஏன் இல்லை?

அம்பேத்கரும் ஒரு செருப்புத் தொழிலாளியும்

கிறிஸ்தவத்தைப் பற்றித் தலித்துகள் படிக்க வேண்டிய மிக முக்கியமான இலவசப் புத்தகத்தை எழுதியவர் கிறிஸ்தவர் அல்லர். மகாராஷ்டிர அரசு 1989இல் வெளியிட்ட அம்பேத்கரின் எழுத்தும் பேச்சும் ஐந்தாம் தொகுதியில், தீண்டப்படாதோரைக் கிறிஸ்தவராக்குவது பற்றியும் மதம் மாறியவரின் நிலை பற்றியும் இரண்டு நீண்ட கட்டுரைகள் இருக்கின்றன. அரசுத் தளங்களிலேயே பிடிஎஃப் கிடைக்கிறது. மிஷனரிகள் கல்விக்கும் மருத்துவத்துக்கும் செய்ததை அவர் மறைக்கவில்லை. ஆனால் மதம் மாறியவனை விட்டுச் சாதி போனதா, படித்து வேலைக்குப் போன கிறிஸ்தவர்கள் தம் மக்களின் உரிமைக்காக வாய் திறந்தார்களா என்று கேட்கிறார். அந்தக் கேள்விகள் இன்றும் அப்படியே நிற்கின்றன.

இவற்றையெல்லாம் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு சூசை வழக்கைச் சொல்கிறோம். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். தாழ்த்தப்பட்ட சமூகத்துச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு மறுக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்திதான் காரணம். அது 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் தளர்த்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985இல் நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதைக் காட்டும் விரிவான, ஆதாரபூர்வமான ஆய்வு எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை.

முந்நூறு ஆண்டுகளாக மிஷனரிகள் எழுதிக் குவித்த நாட்டில், ஆதாரம் இல்லை என்று ஒரு செருப்புத் தொழிலாளி திருப்பி அனுப்பப்பட்டார்.

அதன் பிறகு வந்தவை சில. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது திருச்சபைக்குள் இருக்கும் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்த உரை வத்திக்கான் தளத்தில் இருக்கிறது. மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்ன 2007ஆம் ஆண்டின் ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை இருக்கிறது. தேசியச் சிறுபான்மையினர் ஆணையத்துக்காகச் சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டே 2008இல் தயாரித்த அறிக்கை இருக்கிறது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை இருக்கிறது. எல்லாமே இலவசம். மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராய 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தையும் அமைத்தது. இப்படி ஆணையங்கள் வந்து கேட்கும்போது என்ன சொல்வது என்று தெரிய வேண்டுமானால், இதுவரை என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆசீர்வாதத்தின் இரகசியம் அங்கே உதவாது.

இரண்டு ஆட்சேபங்கள்

ஆவிக்குரிய புத்தகத்தில் சாதி எதற்கு என்று சில போதகர்கள் கேட்கிறார்கள். கல்லறையில் சுவர் கட்டும்போது சாதி வரலாம், கல்யாணத்தில் வரலாம், சபைத் தேர்தலில் வரலாம், புத்தகத்தில் மட்டும் வரக்கூடாதா?

இன்னொன்று நம் தோழர்களே சொல்வது. திருச்சபைக்குள் சாதி இருக்கிறது என்று நாமே எடுத்துக் காட்டினால், மதமாற்றத்தை எதிர்க்கும் சங்கிகளுக்கு அது ஆயுதமாகிவிடாதா? ஆகும். ஆனால் மறைத்து வைத்தால் அந்த ஆயுதம் அவர்களிடம் மட்டுமே இருக்கும். எறையூரில் 2008இல் நடந்ததை உலகமே பார்த்தது. உண்மையை நாம் சொன்னால் அது உரிமைக் கோரிக்கை. அவர்கள் சொன்னால் அது ஏளனம். யார் முதலில் சொல்வது என்பதுதான் கேள்வி.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

நல்ல புத்தகங்கள் இருக்கின்றன என்று சொன்னோம். ஆனால் தமிழில் எவ்வளவு இருக்கின்றன? மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி ஆங்கிலம், சில பிரெஞ்சு, சில ஜெர்மன். அரவிந்த் நிர்மல் 1981இல் பெங்களூருவில் தொடங்கி வைத்த பேச்சிலிருந்து வளர்ந்த தலித் இறையியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில், விலை கொடுத்து வாங்கும் நிலையில் இருக்கிறது. மதுரை இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு எளிய மக்களின் மொழியில் இறையியலைப் பாடலாக்கினார். அதைக் காலனிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மிகச் சிலர். கொங்கு நாட்டு அருந்ததியர் கிறிஸ்தவர்களைப் பற்றியோ தேடித் தேடிக் கண் வலிக்கிறது.

ஆகவே கோவை கத்தோலிக்க மறைமாவட்டத்தையும், 1950இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் கோவைத் திருமண்டலத்தையும், இறையியல் கல்லூரிகளையும் நாங்கள் கேட்பது இது. உங்கள் அலமாரிகளில் கிடக்கும் பழைய தமிழ் இதழ்களையும் ஆண்டறிக்கைகளையும் ஸ்கேன் செய்து பொதுவில் வையுங்கள். மேலே சொன்ன அறிக்கைகளைத் தமிழாக்கி இலவசமாகக் கொடுங்கள். தலித் இறையியல் நூல்களில் பத்தையாவது எழுதியவர்களுக்கு உரிய தொகையைக் கொடுத்து மின்னூலாக்குங்கள். கூட்டத்துக்குக் கூட்டம் துண்டறிக்கை அடிக்கப் பணம் இருக்கிறது என்றால் இதற்கும் இருக்கும்.

நாமும் சும்மா இருக்க வேண்டாம். காலனியில் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் போதும். அம்பேத்கரின் அந்த இரண்டு கட்டுரைகளை எடுத்து, வாரத்துக்கு நான்கு பக்கம் நம் பேச்சுத் தமிழில் சொல்லி, குரல் பதிவாக அதே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கடன் தீர ஜெபம் வரும் அதே வழியாக இதுவும் வீட்டுக்கு வரட்டும்.